இருபது விநாடி

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலையில் இருக்கும் ஸ்கேன் சென்டர்களில் அந்தக் குரல் நாள் முழுக்க ஒலிக்கிறது. "மூச்ச நல்லா இழுங்க... அப்படியே தம் கட்டுங்க..." சில விநாடி சத்தமே இல்லை. "ம், விடுங்க. சாதாரணமா மூச்சு விடுங்க." பல இயந்திரங்களில் இதை டெக்னீஷியன் சொல்வதுகூட இல்லை; முன்பே பதிந்து வைத்த குரல் சொல்லிவிடுகிறது. வெளியே காத்திருப்பவர்கள் யாரும் அதைக் காதில் வாங்கிக்கொள்வதில்லை. கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய கருவியின் மில்லிமீட்டர் துல்லியம் அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் நிற்கிறது. வாங்கும்போது பேசப்படாத, கணக்கில் வராத பாகம் அது.

சி.டி. ஸ்கேன் பிறந்தபோது முதலில் எடுக்கப்பட்டது தலையின் படம். 1971 அக்டோபர் 1, லண்டனில் அட்கின்சன் மார்லி மருத்துவமனை. ஈ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரம் ஒரு குறுக்குவெட்டுப் படம் எடுக்க 4 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. தலையைப் பட்டை போட்டு அசையாமல் வைக்கலாம். தலை மூச்சு விடுவதில்லை. வயிற்றையும் மார்பையும் அப்படிக் கட்டிப்போட முடியுமா? அங்கே படம் எடுக்க வேண்டுமானால் ஒரு வெட்டுக்கான நேரம், ஒரு மனிதர் மூச்சைக் கட்டக்கூடிய நேரத்துக்குள் அடங்க வேண்டும். 1970-களின் நடுவில் அது 20 விநாடியை ஒட்டி வந்தபோதுதான் உடம்பு முழுவதையும் ஸ்கேன் செய்வது நடைமுறைக்கு வந்தது. இன்றைய இயந்திரங்கள் மார்பு முழுவதையும் பத்து விநாடிக்குள் முடித்துவிடுகின்றன. எம்.ஆர்.ஐ. இன்னும் பழைய கடனைக் கட்டிக்கொண்டிருக்கிறது. கல்லீரலைப் படமெடுக்க அங்கே 15, 20 விநாடி மூச்சைத் திரும்பத் திரும்ப நிறுத்த வேண்டியிருக்கிறது.

சும்மா படுத்திருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறார். ஒவ்வொரு தடவையும் உள்ளே போய் வருவது அரை லிட்டர் காற்று. அந்த அரை லிட்டருக்கு இடம் கொடுக்க உதரவிதானம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கீழே இறங்குகிறது. அதோடு ஒட்டியிருக்கும் கல்லீரல் இறங்கும். கணையம், சிறுநீரகம் எல்லாம் கூடவே அசையும். நுரையீரலின் அடிப்பகுதியில் ஒரு கட்டி இருந்தால் அதுவும் அந்த அளவுக்கு மேலும் கீழும் போய்வரும். மேல்பகுதியில் இருந்தால் அவ்வளவாக அசையாது.

செங்கிப்பட்டி காசநோய் மருத்துவமனைக்குப் பழுப்பு உறையில் எக்ஸ்ரேயோடு போய்வந்த தலைமுறை காவிரி டெல்டாவில் உண்டு. சாதாரண மார்பு எக்ஸ்ரேவிலும் இதே கதைதான். நன்றாக மூச்சை இழுத்து நிறுத்தினால் நுரையீரல் விரிந்து, அதன் அடி ஓரங்கள் தெளிவாகத் தெரியும். பாதி மூச்சில் எடுத்துவிட்டால் ரத்தக்குழாய்கள் நெருங்கி, அடிப்பகுதி மங்கலாகி, சளி கட்டியது போலத் தோன்றும். இதயம் வீங்கியது போலத் தெரியும். படத்தைப் பார்க்கும் டாக்டர் முதலில் விலா எலும்புகளை எண்ணுவது இதற்காகத்தான். முன்பக்க விலா எலும்புகளில் ஐந்தாறு உதரவிதானத்துக்கு மேலே தெரியவில்லையென்றால் மூச்சு போதவில்லை என்று அர்த்தம்.

அப்படியானால் மூச்சை நிறுத்தச் சொன்னால் போதாதா? இங்கேதான் உடலியல் குறுக்கே வருகிறது.

இதயத் துடிப்பை நாம் நினைத்த மாத்திரத்தில் நிறுத்த முடியாது. குடலின் அசைவையும் முடியாது. மூச்சுக்கு மட்டும் இரண்டு எஜமானர்கள். மூளைத்தண்டு தன்பாட்டுக்கு அதை ஓட்டிக்கொண்டிருக்கிறது. நாம் விரும்பினால் மேல்மூளை கொஞ்ச நேரம் கடிவாளத்தைப் பிடுங்கிக்கொள்ளும். பேசுவதும் பாடுவதும் தண்ணீரில் முங்குவதும் இந்த இரண்டாவது வழியில்தான். கொஞ்ச நேரம் கழித்து முதல் எஜமானர் வந்து பிடுங்கிக்கொள்வார். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறுவதுதான் காரணம் என்று பாடப்புத்தகம் சொல்லும். அது பாதி உண்மை. 1954-இல் அமெரிக்க உடலியலாளர் ஃபவுலர் ஒரு குறும்பான சோதனை செய்தார். இனி முடியாது என்ற கட்டத்தில் தம் கட்டியவர்களுக்கு நல்ல காற்றைக் கொடுக்கவில்லை; ஆக்சிஜன் குறைந்த, கார்பன் டை ஆக்சைடு கூடிய காற்றைச் சில மூச்சு விட வைத்தார். ரத்தத்தின் நிலை முன்னைவிட மோசம். ஆனாலும் அவர்களால் மறுபடி தம் கட்ட முடிந்தது! மார்பும் உதரவிதானமும் அசைந்ததே ஒரு நிம்மதியைக் கொடுத்துவிட்டது. ரத்தத்தின் வேதியியலோடு தசைகள் அனுப்பும் செய்தியும் சேர்ந்துதான் நம்மை மூச்சு விட வைக்கிறது.

இந்த அறிவை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் குழு ஒன்று 2016-இல் காட்டியது. ஆக்சிஜனை முன்கூட்டியே கொடுத்து, இயந்திரத்தின் துணையோடு கார்பன் டை ஆக்சைடைக் குறைத்து வைத்த பிறகு, மார்பகப் புற்றுநோயாளிகள் ஒரே மூச்சில் 5 நிமிடத்துக்கு மேல் தம் கட்டினார்கள். சாதனைதான். ஆனால் ஒரு மாவட்டத் தலைநகர மருத்துவமனையில் காலை எட்டு மணிக்கே வரிசை நிற்கும் கூடத்தில் இது நடக்கிற காரியமா என்றால், இல்லை.

மூச்சை எண்ணிப் பார்க்கும் பழக்கம் காவிரிக் கரைக்குப் புதிதல்ல. திருமூலர் திருமந்திரம் பாடிய இடமாக மரபு சொல்லும் திருவாவடுதுறை இந்த டெல்டாவில்தான் இருக்கிறது. அந்த நூல் மூச்சுக்குக் கொடுக்கும் கணக்கு: இழுக்க 16 மாத்திரை, நிறுத்த 64, விட 32. கண் இமைக்கும் நேரம் ஒரு மாத்திரை. அதை ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் 64 மாத்திரை சுமார் 21 விநாடி. புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சை அறையில் கேட்பதும் ஏறத்தாழ அவ்வளவுதான். (இந்தப் பொருத்தத்தை வைத்துக்கொண்டு யாரும் வாட்ஸ்அப்பில் கிளம்பிவிட வேண்டாம், இரண்டும் ஒரே உடம்பை அளந்தால் கிட்டத்தட்ட ஒரே எண் வருவதில் ஆச்சரியமில்லை.) அதே திருவாவடுதுறைதான் நாகஸ்வரக் கலைஞர் டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் ஊரும். யோகி நிறுத்தும் மூச்சை நீட்டப் பழகுகிறார், நாகஸ்வரக்காரர் விடும் மூச்சை. கதிர்வீச்சுக் கருவி கேட்பது இரண்டையும் அல்ல. நேற்று நிறுத்திய அதே இடத்தில் இன்றும் நிறுத்த வேண்டும், நாளையும்.

மார்பகம், நுரையீரல், கல்லீரல் புற்றுநோய்களுக்குக் 'கரண்ட் வைக்கிற' அறையில் இது உயிர் பற்றிய விஷயம். டெல்டாக்காரர்கள் கதிர்வீச்சு சிகிச்சையை அப்படித்தான் சொல்வார்கள்.

தமிழ்நாட்டில் இந்தச் சிகிச்சையின் கதையில் அடையாறு முக்கியமான இடம். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்துக்குச் சில ஆண்டுகளிலேயே கோபால்ட்-60 இயந்திரம் வந்தது, இந்தியாவிலேயே முதல். அந்தக் காலத்தில் மூச்சைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. வந்தவர்களில் பெரும்பங்கு கருப்பை வாய்ப் புற்றுநோயும் வாய்ப் புற்றுநோயும். இடுப்புக்குள் மூச்சின் அசைவு அவ்வளவாக எட்டாது. அங்கே தொல்லை சிறுநீர்ப்பை, அது நிறைந்திருக்கிறதா காலியா என்பதுதான். வெற்றிலையோடு புகையிலை அடக்கிக்கொள்ளும் பழக்கம் கொண்டுவரும் வாய்ப் புற்றுக்கு முகத்தை ஒரு பிளாஸ்டிக் முகமூடியால் மேசையோடு பிணைத்துவிடலாம். எச்சில் விழுங்குவது தவிர அசைவு குறைவு. இப்போது நிலைமை மாறிவிட்டது. இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இன்று முதலிடம் மார்பகத்துக்கு. மார்பகம் மூச்சோடு எழுந்து தாழும் சுவரின் மேல் இருக்கிறது.

இடது மார்பகம் என்றால் அதற்குப் பின்னால் இதயம். 2013-இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த சாரா டார்பியும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையை உலுக்கியது. ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் 1958 முதல் 2001 வரை மார்பகத்துக்குக் கதிர்வீச்சு பெற்ற 2,168 பெண்களின் பதிவுகளை அவர்கள் அலசினார்கள். இதயத்தில் சராசரியாக விழும் ஒவ்வொரு கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவுக்கும் மாரடைப்பு போன்ற பெரிய இதயத் தாக்குதலின் வாய்ப்பு 7.4 சதவீதம் கூடியது. இதற்குக் கீழே போனால் ஆபத்தே இல்லை என்று ஒரு எல்லை தெரியவில்லை. ஐந்தாண்டுக்குள்ளேயே தொடங்கும் அந்த ஆபத்து இருபது ஆண்டு தாண்டியும் தொடர்ந்தது. புற்றுநோயிலிருந்து பிழைத்த பெண், தன்னைப் பிழைக்க வைத்த சிகிச்சையால் இதயத்தை இழக்கக்கூடும்.

இதற்கு மருந்து ஒரு பெருமூச்சு. நன்றாக உள்ளே இழுத்து நிறுத்தினால் நுரையீரல் விரிந்து மார்புச் சுவரை முன்னே தள்ளும். உதரவிதானம் கீழே இறங்கும்போது இதயமும் கீழே, பின்னே போகும். மார்பகத்துக்கும் இதயத்துக்கும் நடுவே காற்று நிரம்பிய ஓர் இடைவெளி. சாய்வாகச் செல்லும் கதிர்க்கற்றை மார்பகத்தை முழுதும் தொட்டு இதயத்தைத் தொடாமல் போய்விடும். பலருக்கு இதயத்தில் விழும் அளவு பாதியாகக் குறைகிறது.

இந்த முறைக்குக் கருவிகள் பல வந்தன. 1990-களின் கடைசியில் அமெரிக்காவின் வில்லியம் போமான்ட் மருத்துவமனையில் ஜான் வாங் குழு உருவாக்கிய கருவி, நோயாளி வாயில் ஒரு குழாயைக் கவ்வச் செய்து, மூக்கை கிளிப்பால் அடைத்து, குறித்த அளவு காற்று உள்ளே போனதும் வால்வைத் தானே மூடிவிடும். வேறு சில கருவிகள் வயிற்றின் மேல் ஒரு சிறு பெட்டியை வைத்து அகச்சிவப்பு கேமராவால் அதன் எழுச்சியைப் பார்க்கும். நல்ல கருவிகள். விலையும் நல்ல விலை.

எனக்கு முக்கியமாகப் படுவது இங்கிலாந்தின் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையில் நடந்த 'ஹார்ட்ஸ்பேர்' ஆய்வு. 2013-இல் வந்தது, 23 பெண்கள் மட்டும். வால்வு வைத்த கருவியோடு ஒரு முறை, கருவியே இல்லாமல் தானாகத் தம் கட்டி ஒரு முறை என்று அதே பெண்களிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். உடம்பு திரும்ப அதே இடத்துக்கு வருவதிலும் இதயம் தப்பிப்பதிலும் இரண்டும் சமம். பெண்களுக்கும் டெக்னீஷியன்களுக்கும் பிடித்தது கருவி இல்லாத முறை. நேரமும் செலவும் குறைவு. சின்ன ஆய்வுதான். ஆனால் பணம் இல்லாத மருத்துவமனைகளுக்கு அது சொல்லும் செய்தி பெரியது.

கருவியில்லாமல் எப்படிச் செய்வது? முதலில் சிமுலேஷன். நோயாளியைக் கைகளைத் தலைக்கு மேல் வைத்துப் படுக்க வைத்து, மூச்சை இழுத்து நிறுத்திய நிலையில் சி.டி. எடுப்பார்கள், தோலில் மார்க் போடுவார்கள். சிகிச்சை நாளில் கதிர்வீச்சு இயந்திரத்தின் தலையிலிருந்து விழும் விளக்கொளி கதிரின் விளிம்பைத் தோலில் காட்டும். சாதாரண மூச்சில் மார்க்கும் ஒளியும் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் விலகியிருக்கும். "மூச்ச இழுங்கம்மா... இன்னும் கொஞ்சம்... போதும், அப்படியே நிறுத்துங்க." மார்க் எழும்பி ஒளியோடு சேர்ந்ததும் வெளியறையில் கேமராத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் பொத்தானை அழுத்துவார். மார்க் நழுவினால் கற்றையை நிறுத்திவிடுவார். மின்சாரத்தால் கதிரை உண்டாக்கும் லீனியர் ஆக்சிலரேட்டரில் ஒரு பக்கக் கற்றை பத்து முதல் இருபது விநாடிக்குள் முடிந்துவிடுவதால் ஒரு மூச்சு, ஒரு கற்றை. கோபால்ட் இயந்திரத்தில் இது சிரமம். கோபால்ட்-60-இன் அரை ஆயுள் 5.27 ஆண்டு, மூலம் பழசாகப் பழசாக அதே அளவைக் கொடுக்க நேரம் கூடிக்கொண்டே போகும். அதோடு மூலத்தை உள்ளே இழுக்கவும் வெளியே தள்ளவும் சில விநாடி பிடிக்கும், நினைத்தவுடன் அணைத்து எரிக்க முடியாது. அரசு மருத்துவமனைகளில் கோபால்ட்டின் இடத்தில் ஆக்சிலரேட்டர் வரும்போது மூச்சு முறையும் கூடவே உள்ளே வருவதற்கு இதுவே காரணம்.

அந்த ஒரு வரிக் கட்டளையில் தவறுகள் எங்கெல்லாம் ஒளிந்திருக்கின்றன என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். "நல்லா இழுங்க" என்றதும் பலர் முதுகை வளைத்து மார்பைத் தூக்கிக் கொடுப்பார்கள். மார்க் ஒளியைத் தொட்டுவிடும். நுரையீரலோ பாதிதான் நிறைந்திருக்கும், இதயம் இருந்த இடத்திலேயே இருக்கும். வெளியே திரையில் எல்லாம் சரியாகத் தெரியும். சிலர் முதல் நாள் பயத்தில் முழு மூச்சும் இழுத்து, அதுவே குறிப்பாகப் பதிவாகி, பத்தாம் நாள் அசதியில் அவ்வளவு இழுக்க முடியாமல் திணறுவார்கள். அதனால் விவரம் தெரிந்த டெக்னீஷியன் உச்ச மூச்சைக் கேட்க மாட்டார். சுகமாக இழுக்கக்கூடியதில் முக்கால் பங்கைத்தான் குறிப்பாக வைப்பார்.

எம்.ஆர்.ஐ.-யில் பலர் இதற்கு நேர்மாறாக, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்வதும் இதே காரணத்தால்தான். உள்ளே இழுக்கும் அளவு தடவைக்குத் தடவை மாறும்; இயல்பாக வெளியே விட்டு முடிந்த நிலை உடம்பு தானாக ஓய்வெடுக்கும் இடம், கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்து நிற்கும். ஆனால் காற்று கைவசம் இல்லாததால் அதிக நேரம் தாங்க முடியாது. நேரம் வேண்டுமா, ஒரே இடம் வேண்டுமா என்று ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

பதிந்து வைத்த குரல் வேறொரு தொல்லை. குரலுக்கும் ஸ்கேன் தொடங்குவதற்கும் நடுவே சில விநாடி இடைவெளியை இயந்திரத்தில் குறித்து வைத்திருப்பார்கள். எழுபது வயது விவசாயி ஒருவருக்கு ஆங்கிலத்தில் "ஹோல்டு யுவர் ப்ரெத்" என்று கேட்டால், அது தனக்குத்தான் என்று புரியவே அந்த இடைவெளி போதாது. தமிழில் கேட்டாலும் மெதுவாக இழுப்பவர் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கும்போதே மேசை நகரத் தொடங்கிவிடும். பெரும்பாலான இயந்திரங்களில் உள்ளூர்க் குரலைப் பதிந்துகொள்ள வசதி உண்டு. இடைவெளியை நீட்டவும் முடியும். செய்வதற்குத்தான் ஆளில்லை. காது மந்தமானவருக்கு இவை எதுவும் உதவாது. அவருக்கு ஒரு விளக்கோ, முன்பே பழக்கிய கைச்சைகையோ வேண்டும்.

குரலால் மட்டும் தாளம் கொடுப்பதன் விளைவை அமெரிக்காவில் அளந்து பார்த்திருக்கிறார்கள். "இழுங்க, விடுங்க" என்று ஒலி கேட்டுக்கொண்டே மூச்சு விட்டால் வேகம் சீராகிறது, ஆழம் கூடிவிடுகிறது. ஒரு திரையில் மூச்சின் ஏற்ற இறக்கத்தைக் கோடாகக் காட்டி, இந்த எல்லைக்குள் வையுங்கள் என்றால் ஆழமும் சீராகிறது. மருத்துவ இயற்பியலாளர் பால் கீல் போன்றவர்கள் பல ஆண்டுகளாக வளர்த்துவரும் இந்த முறைக்கு மொழியே தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் கோட்டைப் பார்த்து மூச்சை நிறுத்திவிடலாம்.

இதைவிட மலிவான ஒன்று ஒத்திகை. மேலாடை இல்லாமல், கைகளைத் தூக்கியபடி, யாருமில்லாத அறையில் தனியாகப் படுத்திருக்கும் ஒரு பெண்ணிடம் முகம் தெரியாத ஆண்குரல் ஒன்று ஸ்பீக்கரில் "மூச்சு இழுங்க" என்று முதல் தடவையாகச் சொன்னால் அவர் எப்படி அமைதியாக இழுப்பார்? பயத்தில் மூச்சு மேலோட்டமாகவும் வேகமாகவும்தான் ஓடும். அதற்கு முந்தைய வாரமே, சேலை கட்டியபடி, கூட வந்தவர் பக்கத்தில் நிற்க, அதே குரல்காரர் நேரில் வந்து "இந்த அளவுக்கு இழுத்தா போதும்மா, முடியலன்னா கையத் தூக்குங்க, உடனே நிறுத்திடுவோம்" என்று சொல்லிப் பழக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. கையைத் தூக்கினால் நிற்கும் என்று தெரிந்தவர் பெரும்பாலும் தூக்குவதில்லை.

மூச்சின் அசைவு மிகவும் படுத்துவது, எக்ஸ்கதிருக்குப் பதில் புரோட்டான் துகள்களைச் செலுத்தும் புரோட்டான் சிகிச்சையில். சென்னையில் 2019 ஜனவரியில் தொடங்கிய அப்போலோ புரோட்டான் மையம் தெற்காசியாவில் முதல். அங்கே பென்சில் முனை அளவுக் கற்றை கட்டியைப் புள்ளி புள்ளியாக, அடுக்கு அடுக்காக நிரப்பிக்கொண்டே போகும். நடவு வயலில் பெண்கள் வரிசையாக நாற்று நட்டுக்கொண்டு போகையில் வயலே அடியில் முன்னும் பின்னும் நகர்ந்தால் என்ன ஆகும்? சில இடத்தில் இரட்டை நாற்று, சில இடத்தில் வெறும் சேறு. மொத்த நாற்றுக் கணக்கு மட்டும் சரியாக இருக்கும். கட்டிக்குள் வெறும் சேறாக விட்டுப்போன இடத்தில் நோய் தப்பிக்கும். அதனால் அசையும் கட்டிகளுக்கு ஒரே அடுக்கைப் பலமுறை நடுவதும், மூச்சின் ஒரு கட்டத்தில் மட்டும் கற்றையைத் திறப்பதும், மூச்சை நிறுத்தச் சொல்வதும் அங்கே கட்டாயமாகிவிடுகின்றன.

எல்லாராலும் முடியாது. நாற்பது வருடம் பீடி குடித்தவர், ஆஸ்துமாக்காரர், நுரையீரல் ஏற்கனவே பாழானவர் பத்து விநாடியிலேயே இருமத் தொடங்குவார். நுரையீரல் புற்று வருவதும் பெரும்பாலும் இவர்களுக்குத்தான் என்பது இந்தத் துறையின் வேடிக்கையான கொடுமை. அவர்களை மூச்சு விடவிட்டே படமெடுப்பார்கள். நான்கு பரிமாண சி.டி. என்ற முறையில் ஒரு மூச்சை ஏறத்தாழ பத்துக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்து, அது போய்வரும் பாதை முழுவதையும் இலக்காக வரைந்துகொள்வார்கள். நல்ல திசுவும் கொஞ்சம் அடிபடும். வயிற்றில் ஒரு பட்டையை அழுத்திக் கட்டி அசைவைக் குறைப்பதும் உண்டு. கட்டியின் அசைவு 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஏதாவது ஒரு வழியைக் கையாள வேண்டும் என்பது அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2006-இல் சொன்ன பரிந்துரை. இன்றும் பலர் பின்பற்றும் கோடு அது. இருபது விநாடி முடியாதவருக்குக் கற்றையை இரண்டு மூச்சாகப் பிரித்துக் கொடுப்பதும் தவறில்லை.

மார்பகத்துக்கு 15 நாள் கொடுத்துவந்த கதிர்வீச்சை 5 நாளில் முடிக்கலாம் என்று இங்கிலாந்தின் 'ஃபாஸ்ட்-ஃபார்வர்டு' ஆய்வு 2020-இல் காட்டியிருக்கிறது; எல்லா நோயாளிக்கும் பொருந்தாது, பொருந்துபவர்கள் ஏராளம். ஒரு நாளைய அளவு 2.67 கிரேயிலிருந்து 5.2 கிரேயாக உயர்வதால் ஒரு நாளில் கட்ட வேண்டிய மூச்சு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகும். ஒரு நாள் மூச்சு தவறினால் மொத்த சிகிச்சையில் ஐந்தில் ஒரு பங்கு தவறும். பதிலுக்கு, வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூருக்கு 15 தடவை பஸ் ஏற வேண்டிய பெண் 5 தடவை ஏறினால் போதும். அறுவடை நேரத்தில் சம்பளம் போகாது.